பேர் இல்லாத மாத்திரை

திண்டுக்கல் பக்கம் மில் வேலைக்குப் போய்வந்த பொம்பளைகளிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நிறத்தைத்தான் சொல்வார்கள். வெள்ளை மாத்திரை, ரோஸ் மாத்திரை, மஞ்சள் மாத்திரை. பேர் சொல்லத் தெரியாது. படிக்காததால் தெரியவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பிள்ளைகள்தான் இப்போது மில் வண்டியில் ஏறுகிறார்கள். படிக்கிறதுக்கு அந்த மாத்திரையில் ஒண்ணும் எழுதியிருக்காது. அட்டையைக் கத்தரித்து, பேர் இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பார்கள். கொடுக்கிறவர் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. சூப்பர்வைசர், டைம் கீப்பர், இல்லையென்றால் ஹாஸ்டல் வார்டன்.

"தூரமாயிட்டியா? இந்தா, போட்டுக்கிட்டுப் போயி சைடைப் பாரு." இவ்வளவுதான் வைத்தியம்.

நானும் வேடசந்தூர் பக்கத்து நூல் மில் ஒன்றில் மூன்று வருசம் அந்த மாத்திரையைத் தின்றவள். ரிங் ஃபிரேமில் சைடு பார்த்தேன். ஃபிரேமுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஷிப்ட் முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும், அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நூல் அறாமல் இருக்க ஈரப்பதம் வேண்டும் என்று சன்னலை அடைத்து உள்காற்றை ஈரமாக்கி வைத்திருப்பார்கள். புழுக்கத்தில் வேர்வை காயாது. பஞ்சு தலையிலும் புருவத்திலும் அப்பிக்கொள்ளும். வகுறு சுருட்டிப் பிடிக்கிற நாளில் அஞ்சு நிமிசம் குத்தவைத்து உட்கார்ந்தால் அதற்குள் பத்து இடத்தில் நூல் அறுந்து நிற்கும். லீவு கேட்டால் கூலி போகும், கூடவே ஏச்சும் கிடைக்கும். கக்கூஸுக்குப் போகவும் டோக்கன் வாங்க வேண்டும். இத்தனைக்கும் காத்திருக்க வைத்த இடத்தில் மாத்திரை மட்டும் கேட்டவுடன் கிடைத்தது. காசும் கேட்கவில்லை. பத்து நிமிசம் தர மனமில்லாதவன் மாத்திரையை மட்டும் ஏன் அள்ளிக் கொடுத்தான்? அதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

இதை ஒருத்தியின் புலம்பல் என்று ஒதுக்க முடியாது. 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி எழுதினார்கள். அத்தனை பேரும் மாதவிலக்கு வலிக்குப் பேரில்லாத மாத்திரை கொடுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதனால் உடம்பு கெட்டதாகச் சொன்னார்கள். கிடைத்த மாத்திரைகளை மருத்துவர்களிடம் காட்டியபோது ஐபுப்ரோஃபென் வகை என்று தெரிந்தது. பக்க விளைவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஆடைத் தொழிலாளரின் உடல்நலத்தைக் கண்காணிக்க அந்த ஆண்டே ஒரு திட்டம் தொடங்கப்போவதாக மாநில அரசுத் தரப்பில் சொன்னார்கள். சேரியில் இருந்து நூறு பேர் நூறு வருசம் சொன்னாலும் செய்தி ஆகாது. வெளிநாட்டுக்காரன் எழுதினால்தான் நம் அரசாங்கத்துக்குக் காது திறக்கும் என்பது தனிக் கேவலம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வலி மாத்திரைக்கு நான் எதிரி இல்லை. 'பொம்பளைன்னா வலியைப் பொறுத்துக்கணும், எங்க அம்மா காலத்துல மாத்திரையா தின்னாங்க' என்று பேசுகிற பழைய பெருமை எனக்கு வேண்டாம். மாதவிலக்கின்போது கருப்பைச் சுவரில் சுரக்கிற புரோஸ்டாகிளாண்டின் என்கிற பொருள் கருப்பையை இறுக்கிப் பிழிகிறது. ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம் மாதிரி மருந்துகள் அந்தச் சுரப்பைக் குறைக்கின்றன, வலி அடங்குகிறது. டாக்டர் அளவு சொல்லி, சாப்பிட்ட பிறகு, தேவையான நாளுக்கு மட்டும் போட்டுக்கொண்டால் அது நல்ல மருந்துதான்.

ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்தோலைக் காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தையும் அதுதான் சீராக வைக்கிறது. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது இந்த மருந்தை அடுக்கடுக்காகப் போட்டால் சிறுநீரகம் அடி வாங்கும். வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண்ணாகும். இனி மில்லை நினைத்துப் பாருங்கள். விடியக்காலை ஷிப்டுக்கு வெறும் வயிற்றோடு ஓடி வருகிறவள். கக்கூஸ் டோக்கனுக்குப் பயந்து தண்ணி குடிக்காமலே இருக்கிறவள். புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டுகிறவள். எந்த நிலைமையில் இந்த மருந்தைக் கொடுக்கக்கூடாதோ, அந்த நிலைமையை உண்டாக்கி வைத்துவிட்டு மாத்திரையைக் கொடுக்கிறார்கள். அவளுக்கு ரத்தசோகை உண்டா, வயிற்றுப்புண் உண்டா, கர்ப்பமாக இருக்கிறாளா, யாரும் கேட்பதில்லை. மாசாமாசம் வலி ஏன் இவ்வளவு வருகிறது, உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதும் இல்லை. ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று உடம்பு சொல்கிற சேதிதான் வலி. அந்தச் சேதி டாக்டரிடம் போய்ச் சேராமல் வழியிலேயே மறித்துவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம் உரிமம் இல்லாமல் மருந்தை விற்பதை மட்டும் தடுக்கவில்லை, விநியோகிப்பதையும் தடுக்கிறது. மருந்தின் மேல் அதன் பேர், செய்தவர் யார், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்துகளுக்கு 'எச்' என்று தனி அட்டவணையே இருக்கிறது. டைக்ளோஃபினாக் மாதிரி வலி மருந்துகள் அதில் வருகின்றன. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 45-ஆம் பிரிவில் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வைக்கச் சொன்னது, அது பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றது. 500 பேருக்கு மேல் வேலை செய்தால் மருத்துவப் பணியாளரோடு ஓர் அறையே வேண்டும் என்றது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டத்திலும் இதெல்லாம் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. பெட்டிகள் பல மில்களில் சுவரில் தொங்கத்தான் செய்கின்றன. மாத்திரை வருவது சூப்பர்வைசர் சட்டைப் பையிலிருந்து.

டாக்டர் சீட்டோடு மருந்துக் கடையிலிருந்து நோயாளிக்குப் போக வேண்டிய மருந்து வேறு கைக்குப் போவதைத்தான் மருந்து தடம் மாறுவது என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் திண்டுக்கல் சமவெளியில் மில்லுக்குள் நடப்பதும் மருந்து தடம் மாறுவதுதான். ஆனால் இதற்கு யாரும் அந்தப் பேரை வைப்பதில்லை. 'தொழிலாளர் நலன்' என்று வைக்கிறார்கள்.

இப்போது இன்னொரு பக்கம் பார்ப்போம். சீட்டில்லாத வலி மாத்திரை ஒரு சேரிப் பையன் சட்டைப் பையில் இருந்தால் என்ன நடக்கிறது? டேபென்டடால் என்று ஒரு மருந்து. அறுவை சிகிச்சை வலி மாதிரி கடும் வலிக்கானது, அபின் வகை மருந்துகள் போல மூளையில் வேலை செய்வது. அதைப் பொடித்து, கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு நகரங்களில் பரவியிருக்கிறது. இதற்கு முன்பு டிராமடால் என்ற மருந்து இப்படிப் போய்க்கொண்டிருந்தது. 2018-இல் அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், வியாபாரம் அடுத்த மருந்துக்கு மாறியது. பெயிண்ட் அடிக்கிறவன், மூட்டை தூக்குகிறவன், வேலையே கிடைக்காதவன் என்று நம் தெருப் பையன்களும் இதில் விழுகிறார்கள். ஒரே ஊசியை நாலு பேர் போடுவதில் எச்.ஐ.வி.யும் மஞ்சள்காமாலைக் கிருமியும் ஏறுகின்றன. நரம்பு வெந்து கை அழுகுகிறது. அவனைப் பிடித்தால் 'போதை மாத்திரையோடு வாலிபர் கைது' என்று பேப்பரில் படத்தோடு வருகிறது. அவன் தெருவுக்கே கெட்ட பேர் வருகிறது. 'அந்தக் காலனிப் பயலுகளே இப்படித்தான்' என்று டீக்கடையில் பேசுகிறார்கள்.

அந்தப் பையனை நான் நியாயப்படுத்தவில்லை. மாத்திரையை விற்றவனைப் பிடிக்கத்தான் வேண்டும். பிடிபட்டவனுக்கு லாக்கப்பைவிட முதலில் தேவை வைத்தியம். ஆனால் ஒரே மாதிரிக் குற்றத்துக்கு இரண்டு கண் வைத்துப் பார்க்கிற இந்த அரசைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவன் தின்கிற மாத்திரை உடம்பை வேலையிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறது, அதனால் அது குற்றம். அவன் அக்காளோ தங்கச்சியோ தின்கிற மாத்திரை உடம்பை மிஷினோடு கட்டிப்போடுகிறது, அதனால் அது உதவி. மருந்தின் குணத்தைப் பார்த்துச் சட்டம் பாயவில்லை. உற்பத்தி நிற்குமா ஓடுமா என்பதைப் பார்த்துத்தான் பாய்கிறது.

இன்னும் மேலே போனால் சட்டத்தின் கண் முழுசாகவே மூடிக்கொள்கிறது. 2025 பிப்ரவரியில் பி.பி.சி. ஒரு செய்தி வெளியிட்டது. மும்பையில் ஒரு மருந்துக் கம்பெனி டேபென்டடாலையும் காரிசோப்ரடால் என்ற தசைத் தளர்வு மருந்தையும் ஒன்றாகச் சேர்த்து மாத்திரையாக்கி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் அது தெருவில் விற்கப்பட்டது. செய்தி வந்த பிறகுதான் இந்திய அரசு அந்தக் கலவையைத் தயாரிப்பதையும் ஏற்றுமதி செய்வதையும் நிறுத்தச் சொன்னது. அட்டை அட்டையாக விற்கிறவன் தெருவில் அடிபடுகிறான். பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றியவன் லைசன்ஸ் வைத்திருந்தான். அங்கே அதை வாங்கித் தின்றதும் நம்மைப் போல உடம்பை விற்றுப் பிழைக்கிற கறுத்த சனம்தான்.

உண்மையிலேயே வலிமருந்து தேவைப்படுகிறவனுக்கு அது கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. புற்றுநோய் முற்றிய ஏழைக்கு மார்ஃபின் வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் போட்ட கெடுபிடியில் ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைக்கவே பயந்தன. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் கிராமத்தில் பாயில் கிடந்து சாகிறவன் இன்றைக்கும் கத்திக் கத்தித்தான் சாகிறான். வேலை செய்ய முடியாத உடம்பின் வலியைப் பற்றி யாருக்கும் அவசரம் இல்லை.

இதில் சாதி எங்கே வருகிறது என்று சில தோழர்கள் கேட்பார்கள். எல்லாச் சாதிப் பொம்பளைக்கும் வகுறு வலிக்கத்தானே செய்யும் என்பார்கள். வலிக்கும். ஆனால் மில்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நிலம் இல்லாதவர்கள், கிணறு இல்லாதவர்கள், மழை பொய்த்தால் கூலியும் பொய்த்துப்போகிறவர்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று பேர் வைத்து, மூன்று வருசம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பிள்ளைகளை ஹாஸ்டலுக்குள் அடைத்தார்கள். 2011-இலும் 2014-இலும் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வறிக்கைகள் இதை அம்பலப்படுத்தின. அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி தலித் பெண்கள். எங்கள் தாத்தன்மார் திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று கால் வெந்தார்கள். பேத்திகள் பஞ்சுக்குள் நின்று நெஞ்சு அடைக்கிறார்கள். தஞ்சாவூரில் வேலைக்கு வராத பண்ணையாளுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்தார்கள். இன்றைக்கு அடிக்க முடியாது, வழக்கு வரும். ஆகவே மாத்திரை. அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி, நோவு வந்தாலும் படுக்க உரிமை இல்லாத உடம்பு எது என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது.

பீகாரில் 1992-இலேயே அரசுப் பணியிலிருக்கும் பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் லீவு கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கும் லீவு வேண்டியதுதான், அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் நின்றுகொண்டே பார்க்கிற வேலைக்கு? 1948-இல் வந்த சட்டம் கொண்டுவந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்காலத்துக்குக் கூலியில் 70 சதவீதம் தரும் ஏற்பாடு உண்டு. அதற்கு டாக்டர் சான்று வேண்டும். முதல் இரண்டு நாளைக்குப் பணம் கிடையாது, அதற்கு மேல் நீடித்தால்தான் கணக்கு. மாதவிலக்கு வலி நீடிப்பதோ ஒரு நாள், இரண்டு நாள். சட்டத்தில் அந்த இரண்டு நாள் ஓட்டை இருக்கிறது பாருங்கள், அந்த ஓட்டைக்குள்தான் பேர் இல்லாத மாத்திரை சரியாகப் போய் உட்காருகிறது. அதிலும் பாதிப் பேரைப் 'பயிற்சியாளர்' என்று எழுதி இ.எஸ்.ஐ.க்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிற மில்களும் உண்டு.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒருநாள் வராவிட்டால் மேஸ்திரி அபராதம் போடுகிறான். 2019-இல் மாநில அரசு அமைத்த குழு கணக்கெடுத்தபோது 82,000-க்கும் மேற்பட்ட பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் கருப்பையை எடுத்துவிட்டவர்களாக இருந்தார்கள். தலித்துகளும் நாடோடிப் பழங்குடிகளுமே அந்த வேலைக்குப் பெரும்பாலும் போகிறவர்கள். இங்கே மாத்திரை, அங்கே கத்தி. இரண்டு இடத்திலும் முதலாளி கேட்பது ஒன்றுதான்: மாசத்தில் முப்பது நாளும் ஒரே மாதிரி ஓடுகிற உடம்பு.

மில்காரர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். "நாங்களா திணிக்கிறோம்? அவளுகளே வந்து கேக்குறாளுக." ஆமாம், கேட்கிறோம். உட்காரக்கூடாது, லீவு கூடாது, கக்கூஸுக்குப் போகக்கூடாது என்று எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தால் அந்தக் கதவு வழியாகத்தான் போவார்கள். அதைச் சம்மதம் என்று சொல்கிறவன் அவன் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு மாத்திரையைப் பேர் கேட்காமல் வாங்கிக் கொடுப்பானா? அவளுக்கு மதுரையில் ஸ்பெசலிஸ்ட் இருக்கிறார், ஸ்கேன் இருக்கிறது, நாலு நாள் கட்டில் இருக்கிறது.

மில்காரனைத் திட்டுவது சுலபம். நம் பக்கத்தையும் பேச வேண்டும். நம் இயக்கங்களின் மேடையில் கூலி பேசுகிறோம், நிலம் பேசுகிறோம், வன்கொடுமை பேசுகிறோம். மாதவிலக்கு என்று வந்தால் 'அது பொம்பளைக சமாச்சாரம், மகளிரணியில பேசிக்கங்க' என்று ஆண் தோழர்கள் எழுந்து பீடி பற்றவைக்கப் போகிறார்கள். பெரிய தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் போனஸ் இருக்கிறது, பஞ்சப்படி இருக்கிறது, மாத்திரை இல்லை. இலக்கியக்காரர்கள் தீட்டை உடைப்பது பற்றிக் கவிதை எழுதுகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் மில்லுக்குள் எங்களை யாரும் தீட்டு என்று ஒதுக்கி வைக்கவில்லை தோழர்களே. ஒதுக்கி வைத்திருந்தால் நாலு நாள் உட்கார்ந்திருப்போம். தீட்டு பார்க்கிற அதே சாதிக்காரன் மில்லுக்குள் தீட்டை மறந்து, தூரமான உடம்பைத் தேடி வந்து மாத்திரை கொடுக்கிறான். லாபம் வருகிற இடத்தில் அவனுக்கு ஆசாரம் கிடையாது. அவன் வசதிக்கு வளைகிற இந்தத் தீட்டைப் பற்றியும் எழுதுங்கள்.

பேசினால் நடக்கும் என்பதற்கு இதே திண்டுக்கல் மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது. 2021 ஜனவரியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். அங்கே சூப்பர்வைசராக இருந்தவன் கைதானான். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதை விடவில்லை. ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளைத் துணைக்குச் சேர்த்துப் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கையெழுத்துப் போட்டது. அதனிடம் துணி வாங்கிய எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். கம்பெனிகளும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்றே அதற்குப் பேர். பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணிக்கத் தொழிலாளிப் பெண்களையே தளத்தில் நிறுத்தும் ஏற்பாடு அதில் வந்தது. எந்த இன்ஸ்பெக்டரும் கொண்டுவராத ஒன்றை மில்லுக்குள் நின்றவர்கள் கொண்டுவந்தார்கள். கக்கூஸ் நேரத்தையும் மாத்திரையையும் அவர்களால் கொண்டுவர முடியாதா?

என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்கிறேன். பேர் இல்லாத மாத்திரை ஒன்றுகூட மில்லுக்குள் இருக்கக்கூடாது. என்ன மருந்து, எத்தனை, யாருக்கு, யார் கொடுத்தது என்று நோட்டு வேண்டும். அந்த நோட்டைச் சங்கம் பார்க்கும் உரிமை வேண்டும். கொடுப்பவர் படித்த நர்சாக இருக்க வேண்டும். உட்கார ஒரு அறை, குடிக்கத் தண்ணி, டோக்கன் இல்லாத கக்கூஸ் வேண்டும். வலி வந்த நாளுக்குக் கூலியோடு லீவு வேண்டும். கர்நாடகத்தில் 2025 அக்டோபரில் தனியார் நிறுவனங்களையும் சேர்த்து மாதம் ஒரு நாள் தர அமைச்சரவை ஒப்புக்கொண்டது, தமிழ்நாட்டுக்கு மட்டும் என்ன தடை? மருந்து ஆய்வாளர்கள் மருந்துக் கடையோடு திரும்பிப் போகாமல் மில் கேட்டையும் தாண்டி உள்ளே வர வேண்டும். பையன் சட்டைப் பையைத் தடவுகிற கை சூப்பர்வைசர் சட்டைப் பையையும் தடவட்டும்.

மில்லில் இருக்கிற தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கும்போது, வாங்குவதற்கு முன்னால் சத்தமாகக் கேளுங்கள்: "இதுக்குப் பேர் என்ன சார்?" ஒருத்தி கேட்டால் முறைப்பான். ஒரு ஷிப்டே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும்.